ஸ்டெல்லா வாங்கிக்கொண்ட பழி

எங்கள் வீட்டுக் கணினியைக் கெடுத்தவன் நான்தான். ஸ்டெல்லா அல்ல!

இதைச் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இது தெரியாத ஒருவரிடம் இப்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறேன். நீங்கள் என்னை எப்படி எடை போட்டாலும் சரி, அந்தப் பெண்ணை மட்டும் தவறாக நினைத்துவிடாதீர்கள். இன்று எங்கள் வீட்டில் நிம்மதி என்று ஒன்று இருந்தால் அது அவள் போட்ட பிச்சை.

நான் நெய்வேலிச் சுரங்கத்தில் மின்பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பர்மனன்ட் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. மனைவி கலைச்செல்வி பள்ளி ஆசிரியை. அவளுக்கு ஒரு பழக்கம்... பழக்கம் என்று சொல்வதே பிழை, அது ஒரு தவம். பார்வையற்றவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து தருவாள். அப்போது வடக்குத்து ஊரைச் சேர்ந்த கோமதி என்ற பெண் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை எழுதித் தவறவிட்டவள். அவளுக்காக மூன்று மாதமாக, தினமும் பள்ளிவிட்டு வந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசித்தாள் கலை. அத்தனையும் அந்த ஒரே கணினியில் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் கணினி தானாக அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது. கலை, மந்தாரக்குப்பத்தில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லாவை அழைத்தாள். முப்பது வயதிருக்கும், ஒல்லியான பெண். கலையின் பள்ளியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவளுக்கு இருந்தது. கலை சொல்லித்தான் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை காலை வந்தாள். உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி போய்விட்டது என்றாள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். அரை மணி நேரம்தான். கணினி பழையபடி ஓடியது.

"இந்தப் பொண்ணு கை பட்டா எதுவும் ஓடும்ங்க. நீங்களும் ரெண்டு நாளா நோண்டிப் பார்த்தீங்களே!" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, சிறப்பு வகுப்புக்குக் கிளம்பிப் போனாள் கலை.

அந்தச் சிரிப்புதான்... அது என்னைக் குத்தியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஆயிரம் குதிரைச் சக்தி மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவன் நான்! ஒரு சின்னப் பெட்டி எனக்கு அடங்காதா?

எனக்கு அன்று செகண்ட் ஷிப்ட். மதியம் வரை வீட்டில் தனியாக இருந்தேன். நண்பர் ஒருவரின் பழைய கணினியிலிருந்து எடுத்த ஒரு ராம் அட்டை என் மேசையில் கிடந்தது. அதைச் சேர்த்து மாட்டினால் வேகம் கூடும், கலை வியந்துபோவாள் என்று நினைத்தேன். ஸ்டெல்லா முடுக்கிவிட்டுப் போன திருகுகளை நானே கழற்றினேன்.

அட்டை பொருந்தவில்லை. அது வேறு வகை, வெட்டு வேறு இடத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன்... 'டக்' என்றது! அட்டையைப் பிடித்துவைக்கும் வெள்ளைக் கொக்கி உடைந்துவிட்டது. பதறிக் கையை இழுத்தபோது மெல்லிய ஒயர் ஒன்றும் பிடுங்கிக்கொண்டு வந்தது. எங்கே இருந்தது அது? தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் செருகினேன். பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. விளக்கில்லை, சத்தமில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அட்டையை எடுத்துக்கொண்டு மூடியை மாட்டினேன். கை கழுவினேன். சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன்!

எங்கள் சுரங்கத்தில் ஒரு மின்பலகையைத் திறந்தால், திறந்தவன் பெயரைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இருபது வருடமாகப் போடுகிறேன். வீட்டில் பதிவேடு இல்லை... அவ்வளவுதானா என் நேர்மை?

மாலையில் கலை தொலைபேசியில் அழைத்தாள்.

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலங்க. காலையில நல்லாத்தானே ஓடுச்சு? நீங்க எதுவும் தொட்டீங்களா?"

கேட்டாளே! நேராகவே கேட்டாளே! கதவு திறந்துதான் இருந்தது.

"நான் ஏன் தொடப்போறேன்? அந்தப் பொண்ணுதான் ஏதாவது தப்பா மாட்டியிருக்கும். எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றேன்.

இரண்டாவது வாக்கியத்துக்குத் தேவையே இல்லை. பொய்க்கு மேல் ஒரு பூச்சு...

அன்று கலை ஸ்டெல்லாவைப் பேசியது கொஞ்சநஞ்சமல்ல. பிறகு எங்கள் பிளாக் பெண்களின் வாட்ஸப் குழுவிலும் எழுதிவிட்டாள். அவள் கோபக்காரி அல்ல. கோமதியின் மூன்று மாதம் கருகிப்போனதென்று பயந்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயில் பூசையைக்கூட விட்டுவிட்டுக் காலையிலேயே வந்தாள் ஸ்டெல்லா. முகம் வெளுத்திருந்தது. கூடத்தில் செய்தித்தாளை விரித்துக் கணினியைப் படுக்கவைத்தாள். கலை பக்கத்தில் நின்றாள், நான் நாற்காலியில்.

மூடியின் திருகைத் தொட்டதும் அவள் கை ஒரு கணம் நின்றது. நான் திருகைக் கோணலாக முடுக்கியிருந்தேன். புதிய பெட்டியின் ஒயர்களைத் தனியாகப் பிரித்து, ஒரு கிளிப்பை வளைத்து இரண்டு துளைகளை இணைத்தாள். பெட்டியின் விசிறி சுற்றியது.

"சப்ளை நல்லாத்தான் இருக்குதுக்கா. பயப்படாதீங்க" என்றாள்.

அதை மீண்டும் மாட்டினாள். டார்ச் அடித்து உள்ளே குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் விரல் நுனியில் அந்த வெள்ளைக் கொக்கியின் துண்டு இருந்தது.

என்னைப் பார்த்தாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்!

அவள் அந்தத் துண்டைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மெல்லிய ஒயரை உருவிவிட்டு, திருப்புளி முனையால் இரண்டு ஊசிகளைத் தொட்டாள். கணினி உயிர்பெற்றது! ஒயரை அதன் சரியான இடத்தில் செருகினாள். திரையில் கலையின் பதிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. கலை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னதாம்மா ஆச்சு?"

ஸ்டெல்லா திருகுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "சுச்சு ஒயர் எடம் மாறி இருந்துச்சுக்கா. அவசரத்துல நான்தான் சரியா மாட்டல போல. மன்னிச்சுக்கோங்க."

கேட்டீர்களா? என் வீட்டுக் கூடத்தில், என் கண்ணெதிரே, என் பிழையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டாள்! நானோ, "பரவாயில்ல, இனிமே கவனமா இரு" என்று சொன்னேன். ஆம்... அதையும் சொன்னேன்.

கோமதி தேர்வில் தேறினாள். இனிப்போடு வந்து கலையின் கையைப் பற்றிக்கொண்டு, "உங்க குரலுதான் மிஸ் என்னைப் பாஸ் பண்ண வச்சுது" என்றாள். அப்போது கலை சொன்னாள்: "இவரு கூடவே உக்காந்து சரிபண்ண வச்சாரும்மா. இல்லன்னா எல்லாம் போயிருக்கும்." கோமதி என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு மந்தாரக்குப்பத்துக்குப் போகவேண்டியது.

பள்ளியின் கணினி அறை வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. ஸ்டெல்லாவை நீக்கச் சொல்லிக் கலை வற்புறுத்தவில்லை, கேட்டவர்களிடம் நடந்ததைச் சொன்னாள், அவ்வளவே. அவளுக்குத் தெரிந்தது அதுதானே!

கோமதி வந்துபோன மறுநாள் ஸ்டெல்லாவின் கடைக்குப் போனேன். ஏதோ ஒரு பலகையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா... அன்னிக்கு அதைத் திறந்தது நான்தான்."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏம்மா நீ பழியை வாங்கிக்கிட்ட?"

"அக்கா அழுதுக்கினு நிக்கிறாங்க. அந்த நேரத்துல வூட்டுக்காரர காட்டிக்குடுத்து ஒரு சண்டைய இழுத்துவிட எனக்கு மனசு வரல. அப்புறம் யாரு வாசிப்பாங்க? அந்தப் பொண்ணுக்குப் பரிச்ச இருந்துச்சே." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களே சொல்லிடுவீங்கன்னும் நெனச்சேன்."

"என்னை மன்னிச்சிடும்மா."

"எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே, என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க சார்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். டீ வரவழைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு கலையின் குரல் வாசிக்கக் கேட்கும் ஒவ்வொரு மாலையும் ஸ்டெல்லாவை நினைத்துக்கொள்கிறேன். இதுவரை நான்கு பேர் அந்தக் குரலில் படித்துத் தேறியிருக்கிறார்கள். என் மனைவி என்னை இன்னும் மதிக்கிறாள். இத்தனைக்கும் எப்படி நன்றி சொல்வேன்? எனக்கு நன்றி இருக்கிறது, நெஞ்சு நிறைய இருக்கிறது... ஆனால் வாய்க்கு வராத நன்றி அவளுக்கு அந்த வேலையைத் திருப்பித் தருமா?

தெரியாதவரிடம் சொல்லச் சொன்னாள். உங்களுக்குத் தெரியாது, சொல்லிவிட்டேன். அவள் சொன்னது உங்களை அல்ல என்பதும் எனக்குத் தெரியும்!

அடுத்த அறையிலிருந்து கலை கேட்கிறாள்: "என்னங்க அவ்வளவு நேரமா டைப் பண்றீங்க? முடிஞ்சிட்டா சொல்லுங்க, நான் பதிவு பண்ணணும்."

"ஒண்ணுமில்ல, ஆபீஸ் வேலைதான்" என்கிறேன்.