கருப்பைக்கும் கோயிலில் இடமுண்டு

நறுக்கிய பயற்றங்காய்க் குவியலின் நடுவே அந்தச் சிறிய ஒலிப்பதிவுக் கருவி சிவப்பு விளக்கோடு கிடந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பெண்களின் கருப்பை நோய்களை ஆராய்வதற்காகப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து இளம் மருத்துவர் ஒருத்தி பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் கோயிலுக்கு வந்திருந்தாள். வெள்ளிதோறும் என்னோடு பதிகம் பாடும் பெண்களை மண்டபத்து நாற்காலிகளில் வட்டமாக அமர்த்தி, அவர்களுக்கு என்னென்ன தொல்லைகள் என்று கேட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, "நல்லாத்தான் இருக்கோம் டாக்டர்" என்பதற்குமேல் எவரும் வாய் திறக்கவில்லை.

அன்னதானத்துக்குக் காய் நறுக்க மடைப்பள்ளித் தரையில் அமர்ந்ததும் அதே பெண்களின் பேச்சு தானே பெருகியது. கண் காயில் இருக்கும்போது நாவுக்கு நாணம் குறைந்துவிடுகிறது. அதைக் கண்டுகொண்ட மருத்துவர், "நானும் வெட்டவா ஆன்டி?" என்று வந்து அமர்ந்தாள். இங்கே பேசுவதில் யார் பெயரும் வெளியே போகாது என்று சொல்லி, ஒவ்வொருவரிடமும் மறுபடி இசைவு பெற்ற பின்னரே கருவியை இயக்கினாள்.

"டாக்டர் வெட்டுற காயைப் பார்த்தா சாமியே பசிக்கலன்னு சொல்லிடும் லா" என்றார் கிள்ளானிலிருந்து வந்திருந்த என் நாத்தனார். சிரிப்பு அடங்கியதும் தலை நிமிராமலே சொன்னார்: "எனக்குத் தீட்டு நின்னு பல வருஷமாச்சு. இப்ப மறுபடியும் ரத்தம் படுது. மகன்கிட்ட இத எப்படிச் சொல்றது?"

கத்திகள் நின்றன. அப்போதுதான் கோயில் நிர்வாகத் தலைவர் மடைப்பள்ளி வாசலில் வந்து நின்றார். "அம்மா, கோயில்ல இதெல்லாம் பேசலாமா? வெளிய எங்கயாவது வச்சுக்குங்க."

நாத்தனார் எழப் போனார். அவர் முழங்காலில் கைவைத்து அமர்த்தினேன். "தம்பி, கருவுல இருக்கும்போதே நம்மளக் காத்தவன்னு தினமும் அவனைப் பாடுறோம். அவன் வந்து காத்த இடத்துல நோவுன்னா, அத வெளிய போயி சொல்லணுமா? நாங்க எழுந்திருக்க மாட்டோம்."

மறுவாரமே நாத்தனாருடன் மருத்துவமனைக்குச் சென்றேன். புற்று முற்றியிருந்தது. சிகிச்சைக்கு நடுவிலும், உயிரோடு இருந்த வரையில், அவர் அந்தத் தரைக்கு வந்து புதிய பெண்களிடம் தம் கதையையே முதலில் சொல்வார். அதைக் கேட்டுப் பலர் பரிசோதனைக்குப் போனார்கள். நிர்வாகம் இன்றும் முகம் சுளிக்கிறது. நாங்கள் இன்றும் அங்கேதான் பேசுகிறோம்.

கடைசியாகக் கண்டபோது நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய போகாதுன்னு டாக்டர் சொன்னாங்க. எனக்கு அது வேணாம் அண்ணி. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அடக்கி வச்சுத்தான் இது இவ்வளவு வளர்ந்துச்சு."

சொல்லிவிட்டேன்.