டெய்லர் அக்கா குடுத்த ஃபாலோ ரெக்வெஸ்ட்

ஆளாளுக்கு தனி சர்வர் வெச்சு நடத்துற நம்ம சோஷியல் மீடியாவுல, வேற சர்வர்ல இருக்கறவங்கள தேடவே முடியலன்னு திட்டிட்டே இருந்தீங்க. போன வாரம்தான், நான் எழுதிக் குடுத்த நம்ம ஆப்புல, பேரை தமிழ்ல போட்டாலே ஆள் வர்ற மாதிரி மாத்தினேன்.

இன்னைக்கு ஒரு வேலையா முடிச்சூர் போனேன். நாங்க முன்னாடி இருந்த வீட்டுக்கு எதிர்ல இருக்கற டெய்லர் அக்கா நிறுத்திட்டாங்க.

"தம்பி, உன் ஆப்பு இப்ப சூப்பரா கீது. தேடுன உடனே திவ்யா வந்துச்சு. ஃபாலோ குடுத்து ரெண்டு நாளாச்சு, ஓகே பண்ணவே இல்ல. உன் பொண்டாட்டி ரொம்பத்தான் பிகு பண்ணுது!"

நாங்க நாவலூருக்கு மாறினப்புறம்தான் திவ்யா செத்துப்போனா. அக்காவுக்குத் தெரியாது.

"சொல்றேன்க்கா"ன்னேன். வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

அவ போன் என் கைலதான் இருக்கு. ரெக்வெஸ்ட்டும் இருக்கு. ஓகேன்னு அழுத்தினா, திவ்யாவே ஒத்துக்கிட்ட மாதிரி அக்காவுக்குப் போகும். அக்கா உடனே "எப்படி இருக்க?"ன்னு கேப்பாங்க. போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

இன்னும் யார் யார் அவளைத் தேடிப் பாக்கப் போறாங்களோ.

அடுத்த அப்டேட்ல யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியலன்னா, பட்டுன்னு கம்ப்ளெயின்ட் போடாதீங்க. பயத்துல நான்தான் ஏதாச்சும் பண்ணியிருப்பேன்.