அவர் குரலுக்கு நான் போட்ட எண்

என் கணவர் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். கண்ணாடிக்கு முன்னால் மைக் இருந்தும் அதை அவர் தொட்டதே இல்லை; அவ்வளவு கனத்த குரல். "உங்களுக்கெல்லாம் மைக் தண்டச் செலவு" என்று கேலி செய்வேன். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எடுப்பதற்கு அந்த மனுஷனிடம் வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

திருச்சியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லா மெஷினும் லினக்ஸ். ஆபரேஷனுக்கு முன்பு மூன்று வாரம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, அவரை வாக்கியம் வாக்கியமாகப் படிக்கவைத்துப் பதிவு செய்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே படித்தார். டைப் செய்ததைப் பேசிக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. அதில் ஒருவருடைய சொந்தக் குரலையே ஏற்றும் வசதி சோதனைக் கிளையில், அதாவது வெள்ளோட்டம் பார்க்கும் பதிப்பில், மட்டும்தான் இருந்தது. பொது வெளியீட்டுக்கு இன்னும் வரவில்லை. நானே அந்தக் கிளையை இறக்கி, மெஷினில் ஏற்றத் தோதாக ஒரு பேக்கேஜாகக் கட்டி, அவருடைய லேப்டாப்பில் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து அவர் முதலில் டைப் செய்தது, "காபியில சக்கரை பத்தல." அவர் குரலிலேயே வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

என் தப்பைச் சொல்ல வேண்டுமானால் ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். மெஷினில் மென்பொருள்களை ஏற்றி இறக்கும் பேக்கேஜ் மேனேஜருக்கு எண் மட்டும்தான் தெரியும். பெரிய எண் வந்தால் அதுதான் புதுசு. பழையதைத் தூக்கிவிட்டு அதை வைக்கும். அதனால் சோதனைக் கிளையிலிருந்து பேக்கேஜ் கட்டும்போது, வரப்போகும் வெளியீட்டைவிடக் கொஞ்சம் கீழே எண் போடுவது எங்கள் வழக்கம். வெளியீடு வந்ததும் சோதனைப் பதிப்பு தானாக ஒதுங்கிவிடும். அதுதான் முறை, அதுதான் சுத்தம். கைப்பழக்கத்தில் நானும் அப்படியே போட்டேன். சோதனையில் இருப்பது வெளியீட்டிலும் இருக்கும் என்று நம்பினேன். அப்டேட்டில் மாறாமல் இருக்க ஹோல்டு என்று ஒன்று போடலாம். ஒரே ஒரு வரி. லேபில் எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொல்கிறவள் நான். வீட்டில் போடவில்லை.

சனிக்கிழமைதோறும் லேபில் அப்டேட் செய்வேன். வீட்டுக்கு வந்து அவருடைய லேப்டாப்புக்கும் அதையே செய்வேன். பழைய பேக்கேஜ்களைத் துடைப்பதும் அதோடு சேர்த்திதான். அந்தச் சனிக்கிழமை வந்த நீளமான பட்டியலை நான் படிக்கவில்லை. சரி என்று தட்டிவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.

மறுநாள் அவர் தொட்டியத்தில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாத போன் அது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; குரல் மட்டும்தான் பாலம். அவர் டைப் செய்ய, லேப்டாப் யாரோ ஒரு பெண்ணின் குரலில் "அக்கா, நான்தான்" என்றது.

"யாருங்க பேசுறது?" என்றார் அக்கா. "தம்பி இல்லீங்களா? தம்பிக்கு என்னங்க ஆச்சு?"

நான் போனைப் பிடுங்கி ஏதோ சமாளித்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தார்.

வெளியீட்டில் அந்த வசதியையே எடுத்துவிட்டிருந்தார்கள். சோதனைக் கிளையையும் அழித்திருந்தார்கள். நான் கட்டிய பேக்கேஜை நானே துடைத்திருந்தேன். அந்த வசதியை எழுதியவருக்கு மெயில் போட்டேன். நான்கு நாள் கழித்து, பழைய மெஷினில் ஒரு நகல் இருந்ததாகச் சொல்லி அனுப்பினார். அது லேப்டாப்பில் ஏறியிருந்த புது லைப்ரரிகளோடு, அதாவது துணை நிரல்களோடு, ஒத்துப்போகவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முறைத்தது. "ரெண்டு நாள்ல குரல் வந்துடும்ங்க" என்று என் கணவரிடம் தினமும் சொன்னேன். தலையை ஆட்டுவார். தண்ணீர், மாத்திரை, கதவு என்று ஒற்றைச் சொல்லாக நோட்டில் எழுதிக் காட்டினார். என்னைத் திட்டி ஒரு வரி இல்லை. பரவாயில்லை என்றும் ஒரு வரி இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இரண்டே நாள். கழுத்துத் துளையில் மூச்சுக் குழாய் செருகியிருந்தார்கள், பேனா பிடிக்க விரல் வளையவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பேக்கேஜைக் கட்டி முடித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனாலும் கட்டினேன். இந்த முறை எந்த வெளியீடும் எட்ட முடியாத எண்ணாகப் போட்டேன், ஹோல்டும் போட்டேன். பதிவுகள் இருந்ததால் குரல் திரும்ப ஏறிவிட்டது.

எதை டைப் செய்வது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, "உன் மேல தப்பில்லம்மா, விடு" என்று அடித்து எழுத்துப்பிழை பார்த்தேன். பட்டனைத் தட்டினேன்.

சொன்னார். அதே கனத்த குரல், கடைசிச் சொல்லில் அதே இழுப்பு. ஒரு நொடி நம்பக்கூட நம்பினேன்.

அடித்தது என் கை. அவர் அதைச் சொல்லியிருப்பாரா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.