எல்லோர் போனிலும் பாடம் முடித்தவள்

அவளுடைய வார விடுமுறை நாளில் வந்த போன் அது. தரையில் உட்கார்ந்து மகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் சுவரில் சாய்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் போன் பேச்சை அம்மாக்காரி பிறகு எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தைகூட முன்னே பின்னே மாறியதில்லை.

“ஹோட்டல் ஆபீஸ்லேர்ந்து பேசுறோம். லாண்டரியில கறை எடுக்கிற மேஜையில வேலை பார்க்கிறாங்களே, அவங்க வீடுதானே?” என்றது ஒரு பெண் குரல்.

“இல்லையே. நானும் லாண்டரியிலதான் வேலை பார்க்கிறேன். இன்னிக்கு எனக்கு லீவு.”

“அவங்களுக்கு நீங்க என்ன உறவு?”

“உறவெல்லாம் இல்லம்மா. கூட வேலை செய்யறவ.”

“அவசரத்துக்குக் கூப்பிட உங்க நம்பரைத்தானே குடுத்திருக்காங்க.”

அவள் ஊசியைச் சட்டையிலேயே குத்தி நிறுத்தினாள். “அவளுக்கு என்ன ஆச்சு?”

“கண்ணுல கறை மருந்து தெறிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. வலியில அவங்களால ஒண்ணும் சொல்ல முடியல. வீட்டுக்காரர் நம்பர் இருந்தா சொல்லுங்க.”

“என்கிட்ட இல்லையே. அவ போன்ல இருக்கும்.”

“அது பூட்டியிருக்கு. திறக்கத் தெரியல. ஒரு நிமிஷம் இருங்க.” கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் குரலின் தோரணை மாறியது. “அம்மா, லாண்டரியில யார் பேரை எடுத்தாலும் உங்க நம்பர்தான் வருது. எல்லாரும் உங்க வீட்டு ஆளுங்களா?”

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றாள். மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

லாண்டரியில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துபோனது. கைக்குழந்தையோடு தனியாளானபோது ஹோட்டலின் அடித்தளத்தில் கிடைத்த வேலை இது. ஜன்னல் இல்லாத நீள அறை. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், மறுபக்கம் படுக்கை விரிப்புகளை விழுங்கி மறுமுனையில் தகடாகத் துப்பும் இஸ்திரி உருளை. அந்த உருளையின் முன்னால் நின்றே மகளை வளர்த்தாள். இரைச்சலில் காதோடு காது வைத்துப் பேசினால்தான் பேச்சு. அதையும் தாண்டி எல்லோர் காதிலும் விழும் குரல் ஒன்றே ஒன்று. கறை மேஜைக்காரியின் குரல். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

பயிற்சி அதிகாரி ஒரு இளைஞர். எதைப் பேசினாலும் சதவீதத்தில் பேசுவார். ஊழியர்கள் இனிமேல் போனிலேயே பாதுகாப்புப் பாடங்களைப் பார்த்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அறிவித்தவர் அவர்தான். ஒரு நாள் கீழே இறங்கி வந்தார்.

“சமையலறை தொண்ணூறு. ரூம் சர்வீஸ் எண்பத்தஞ்சு. நீங்க மட்டும் பத்தைத் தாண்டல. நான் மேல யார் முகத்துல முழிக்கிறது?”

“எங்க முகத்துல முழிங்க தம்பி, நல்லா இருப்பீங்க,” என்றாள் ரேடியோ. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மகள் பக்கத்திலிருந்து காட்டிக்கொடுக்க, அவள்தான் முதலில் பாடத்தை முடித்தாள். திரையில் தங்க நிறக் கட்டத்துக்குள் அவள் பெயர் வந்தது. மறுநாளே ரேடியோ தன் போனை அவள் கையில் திணித்தாள்.

“அக்கா, எனக்கும் முடிச்சுக் குடு. அதைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வருது. தமிழாம் அது. ‘சுமையைத் தூக்கும்போது முதுகை நேராக நினைக்கவும்’னு போட்டிருக்கான். நினைச்சா போதுமாம், தூக்க வேண்டாமாம்.”

ரேடியோவுக்கு முடித்தால் மற்றவர்கள் விடுவார்களா. துண்டு மடிக்கும் மேஜையில் போன்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. இரைச்சலில் எப்படியும் கேட்காது என்று சத்தத்தை அணைத்துவிட்டு, எல்லாவற்றிலும் ஒரே பாடத்தை ஓடவிட்டாள். உருளைக்கும் மேஜைக்கும் நடுவே போகிறபோதும் வருகிறபோதும் ‘அடுத்தது’ பொத்தானைத் தட்டினாள். கேள்வியில் தப்பு வந்தால் மறுபடி கேட்கும், இன்னொன்றைத் தட்டினால் போயிற்று. சில போன்கள் முடிவதற்குள் விரல்களே எந்தக் கேள்விக்கு எத்தனையாவது பதில் என்று கற்றுக்கொண்டன. கண் படிக்க வேண்டிய வேலை இல்லாமல் போனது. கடைசியில் அவசரத்துக்கு ஒரு எண் கொடுக்காமல் திரை நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான், அவளுடையது. எல்லோருக்கும் அதையே போட்டாள்.

லாண்டரி நூறைத் தொட்டது. அதிகாரிக்கு மேலிடத்தில் பாராட்டு. அவளுக்கு டீச்சர் பட்டம். டீ வந்தால் முதல் கிளாஸ் அவளுக்கு, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் ஸ்டூல் அவளுக்கு. வேண்டாம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

போன் வந்த அன்று தைத்ததைப் போட்டது போட்டபடி விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ரேடியோ கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். முதன்முறையாகப் பேசாமல் இருந்தாள். பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்குக் கறை மருந்தை ஊற்றும்போது தெறித்ததாம். மருந்து என்று அவர்கள் சொல்வது, துணியின் நிறத்தையே தின்றுவிடும் அமிலம். ஆளாளுக்குத் துண்டால் துடைத்திருக்கிறார்கள். ஊதியிருக்கிறார்கள். சூப்பர்வைசரைத் தேடி மாடி மாடியாக ஆள் ஓடியிருக்கிறது.

“தெறிச்ச உடனே தண்ணியில கழுவலையா?” என்று கேட்டார் டாக்டர். “ஓடுற தண்ணியில, கால் மணி நேரமாவது? இந்த மாதிரி இடத்துல கண் கழுவுறதுக்குன்னே குழாய் வெச்சிருப்பாங்களே.”

கூட வந்திருந்த துவைக்கும் ஆள் தலையைச் சொறிந்தார். “எங்க இடத்துல அப்படி எதுவும் இல்லீங்க.”

இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், பச்சை நிறத்தில் ஒரு கிண்ணம், மேல்நோக்கி இரண்டு சின்னக் குழாய்கள். அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின்மேல் டீ கிளாஸ்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அவளுக்கு அந்தப் பாடம் கண்முன் வந்து நின்றது. பச்சைக் கிண்ணத்தின்மேல் ஒருத்தி குனிந்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதே படம் ஒவ்வொரு போனிலும் ஓடியது. கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று தனக்குள் சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு போனிலும் அவள்தான் அதைத் தட்டித் தள்ளிவிட்டாள்.

டாக்டர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

கணவரிடம் சொல்ல ரேடியோவின் வீட்டுக்குப் போனாள், வீடு பூட்டியிருந்தது. அவள் வாசலிலேயே காத்து நின்றாள். வேலை முடிந்து பொழுது சாயும்போதுதான் கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சாவி பூட்டில் நுழையவில்லை.

“காலையில நடந்ததா? இத்தனை நேரம் ஏன் எனக்கு யாரும் சொல்லல?”

“நம்பர் கிடைக்கலண்ணே,” என்றாள். பொய் இல்லை. ஆனாலும் சொல்லும்போதே உடம்பு கூசியது.

அடுத்த வாரம் ரேடியோவுக்கு ஆபீஸிலிருந்து கடிதம் போனது. முழு மதிப்பெண்ணோடு பயிற்சி முடித்திருந்தும் விதிப்படி நடக்காததற்கு விளக்கம் தர வேண்டுமாம், இல்லையென்றால் வேலை நிலைக்காதாம். லாண்டரியில் அன்று இயந்திரங்களின் சத்தம் மட்டும்தான். மதியம் துவைக்கும் ஆள் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“டீச்சர், உன் மூஞ்சியைப் பார்த்தா போய் உளறிடுவே போல இருக்கு. நீ வாயைத் திறந்தா எல்லார் சீட்டும் கிழியும். புரியுதா?”

“அவ சீட்டு மட்டும் கிழிஞ்சா பரவால்லையாண்ணே?”

அவர் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவள் அதிகாரியின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“தம்பி, அந்தப் பாடத்தை அவ பார்க்கவே இல்ல. நான்தான் தட்டி முடிச்சேன். எல்லாருக்கும் நான்தான்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று அவள் தயாராக இருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

“அக்கா, அந்த நூறை நான் மேல அனுப்பிட்டேன்,” என்றார் மெதுவாக. “மத்த கிளைகளுக்கும் நம்மளைத்தான் காட்டியிருக்காங்க. இப்ப இது பொய்னு நான் எப்படிச் சொல்றது?”

“அவளுக்குக் கண்ணு போயிருக்கும் தம்பி.”

“போகலல்ல. கடிதத்தை நான் திரும்ப வாங்கிடுறேன். குழாய் மேல பெருசா எழுதி ஒட்டச் சொல்றேன். நீங்க இதைச் சொல்லல, நான் கேக்கல.” கதவைத் திறந்துகொண்டே சொன்னார், “புதுசா ஒரு பாடம் அனுப்பணும். சீக்கிரம் முடியணும். நீங்களே கொஞ்சம் பார்த்துக்கோங்களேன்.”

“பாடத்தை நான் இனிமே தொடமாட்டேன் தம்பி,” என்று சொல்லிவிட்டு வந்தாள். படி இறங்கும்போது, திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போய் அதை அவர்கள் வாங்க மறுத்துவிட்ட மாதிரி இருந்தது.

கடிதம் திரும்பிப்போனது. லாண்டரியே மூச்சு விட்டது. மறுநாள் ரேடியோவே போன் பண்ணினாள்.

“அக்கா, நீ போய்ப் பேசினதாலதான்னு தம்பி சொன்னாரு. உனக்கு நான் என்ன செய்யப் போறேன்? நீ பாஸ் போட்டுக் குடுக்கலேன்னா, பாடம் முடிக்காதவன்னு என்னை அப்பவே வெளிய தள்ளியிருப்பாங்க. வலது கண்ணு இனிமே மங்கலாத்தான் தெரியுமாம். பரவால்ல, உன்னைப் பார்க்க ஒரு கண்ணு போதும். அதுவே அதிகம்.”

ரேடியோ சிரித்தாள். அவளும் சிரித்தாள். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபீஸ் வாங்கிக்கொள்ளாத உண்மை உரியவளிடம் போய்ச் சேரவே இல்லை. பாஸ் போட்டது ரேடியோவுக்குத் தெரியும். கண்ணைக் காப்பாற்றும் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தள்ளியது தெரியாது.

அதைச் சொல்லவே ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு போனாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினாள், ரேடியோ கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தாள். இன்னொரு நாள் போய், கண்ணில் சொட்டு மருந்தும் ஊற்றிவிட்டு வந்தாள். “எங்கூடப் பொறந்தவகூட இப்படிப் பார்க்கமாட்டா” என்றாள் ரேடியோ. அன்று வீடு வரும் வரை நிமிர்ந்து நடக்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். எதற்கு என்று மகள் கேட்கவில்லை. வழியில் எல்லாவற்றையும் மகளிடம் அவளே சொன்னாள். படத்தையும் சொன்னாள், கோழியையும் சொன்னாள். ரேடியோவின் தெரு திரும்பும் இடத்தில் நின்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ உள்ள வர வேண்டாம். வாசல்லயே நில்லு. நான் வெளிய வந்து செருப்பு மாட்டும்போது, சொல்லிட்டியான்னு மட்டும் கேளு. இல்லேன்னு நான் தலையாட்டினா, என்னைத் திருப்பி உள்ள அனுப்பு. நான் அழுதாலும் சரி, உன்னைத் திட்டினாலும் சரி, வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாத.”