சக்கரத்துக்கு ஒரு கல்

ஏற்காட்டில் படகு விடலாம், ஏரிக்கரையில் ஓடியாடலாம், சித்திரையிலும் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்று மாமா கடிதம் எழுதியிருந்தார். அம்மாவின் தம்பியான அவருக்கு அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை. மலைமேல் எப்படி ஏறிப்போவது என்று மட்டும் அவர் எழுதவில்லை. திண்டிவனத்தில் வளர்ந்த எட்டு வயதுப் பெண்ணான எனக்கு, மலை என்பது தூரத்தில் சும்மா நிற்கிற ஒன்று. அதன்மேல் பஸ் போகும் என்று எனக்குத் தெரியாது.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு தகர உருளை. அதற்குள் கரி கனன்றுகொண்டிருக்கும். விழுப்புரத்தில் ரயிலேறி சேலம் போய், அங்கே அப்படியொரு பஸ்ஸில் ஏறினோம். அடிவாரம் வரை ஒழுங்காக வந்த பஸ், ஏற்றம் தொடங்கியதும் இருமியது; சில வளைவுகள் தாண்டி நின்றேவிட்டது.

கண்டக்டர் எழுந்து, "பொம்பளைங்க உக்காருங்க. ஆம்பளைங்க எறங்கி நடங்க. ஆளுக்கு ஒரு கல்லு எடுத்துக்கங்க" என்றார்.

கல் எதற்கு என்று அப்பா கேட்டார்.

"வண்டி பின்னால வந்தா சக்கரத்துக்குக் கீழ வெக்கத்தான்."

வெற்றிலை எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார். அம்மா கைக்குழந்தையான தம்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அப்பாவோடு இறங்கிக்கொண்டேன். மல்லாட்டை என்று எங்கள் ஊரில் சொல்கிற வேர்க்கடலையின் மண்டியில் மூட்டை நிறுப்பவர் அப்பா. பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். பாதையின் ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. நான் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

சுமை குறைந்ததும் மெல்ல ஏறத் தொடங்கிய பஸ், அடுத்த வளைவில் மூச்சு விடுவது போல ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தது.

யாரோ கத்தினார்கள். அப்பா ஓடிப்போய்க் கல்லைச் சக்கரத்தடியில் வைத்தார். சக்கரம் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு வந்தது. அம்மா ஜன்னல் வழியாகத் தம்பியை வெளியே நீட்டினாள். யாராவது வாங்கிக்கொள்ளட்டும் என்று கைகளை நீட்டிப் பிடித்திருந்தாள். எனக்குக் காலை எடுத்து வைக்க முடியவில்லை. அப்பா பக்கத்திலிருந்தவரின் கல்லைப் பிடுங்கிப் போட்டார். என் கையிலிருந்ததையும் பிடுங்கிப் போட்டார். சக்கரம் கல்மேல் பாதி ஏறி நின்றது. விளிம்புக்கு ஒரு முழம் இருந்திருக்கும்.

அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னா பெரிய வண்டி. நம்ம மண்டி மூட்ட கனம்கூட இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவுக்குப் பயமே கிடையாது என்று அப்போது முடிவு செய்துகொண்டேன்.

ஏற்காட்டில் இருந்த இரண்டு நாளும் எனக்கு வேறு நினைப்பில்லை. மாமா படகு விட்டார். ஏரிமேல் மேகம் இறங்கி எங்கள் முகத்தை நனைத்தது. நானோ ஏறிவந்த பஸ் இறங்கியும் ஆக வேண்டுமே என்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அப்பா சிரிப்பாரென்று சொல்லவில்லை.

புறப்படும் காலையில், தெரிந்த டிரைவரிடம் முன்சீட்டுக்குச் சொல்லி வைத்திருப்பதாக மாமா சொன்னார்.

அப்பா, "பஸ்ஸு எதுக்கு? காத்து ஜிலுஜிலுன்னு இருக்குது. மலையப் பாத்துக்கினே நடந்து எறங்கிடறோம்" என்றார்.

"அக்காவால முடியுங்களா? கைக்கொழந்த வேற."

அம்மா அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகித் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நடக்கலாம்டா. எனக்கும் குந்திக் குந்திக் காலு மரத்துப்போச்சி" என்றாள்.

தோட்டக் கூலிகள் போகும் ஒற்றையடிப் பாதையில் பொழுது சாயும்வரை இறங்கினோம். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். மேலே எங்கோ பஸ்ஸின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்படியே நின்று, அது அடங்கிய பிறகுதான் அடுத்த அடி வைத்தார். அடிவாரத்தில் இறக்கிவிட்டபோது என் கணுக்கால்களில் அவருடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

திண்டிவனம் திரும்பியதும் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்: எங்கப்பாவுக்கு மலை என்றால் அவ்வளவு ஆசை, முன்சீட்டே கிடைத்தும் வேண்டாமென்று நடந்தே இறங்கினார் என்று.