சின்னம்மாவுக்கு நடந்த செத்தவீடு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருக்கும். வருடங்களும் பெயர்களும் மனதில் நிற்பதில்லை. நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் எல்லோரும் அந்தப் பழைய நடிகையைப் பற்றிக் கதைத்தபோது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இப்போது ஒன்றுகூடலின் ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சென்னையில் காலமான செய்தியை வானொலியில் சொன்னபோது, ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் மகளின் அப்பார்ட்மென்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை என்றார் அறிவிப்பாளர். மகள் வேலைக்குப் போகப் பனிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, உவ என்ர அம்மாவின்ர தங்கச்சி" என்றேன்.

மற்றச் சப்பாத்து கையில் இருக்க நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு நாளும் ஏனம்மா சொல்லேல்லை?"

"ஆரும் கேக்கேல்லை."

"இனிச் சொல்லாதேங்கோ. செத்தாப் பிறகு சொந்தம் கொண்டாடினம் எண்டு சனம் சிரிக்கும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். அவள் சொன்னதிலும் பிழை இல்லை.

கனடாவுக்கு வந்த பிறகுதான் சின்னம்மாவை நான் ஆசை தீரப் பார்த்தேன். மருமகன் பிறம்ரனில் வேர்ஹவுஸ் வேலை முடிந்து வரும்போது வீடியோக் கசற் எடுத்து வருவார். "மாமிக்கு அழுகிற படம்தான் வேணும்" என்று பகிடி பண்ணுவார். சின்னம்மா ஒரு காலத்தில் கதாநாயகி. பிறகு கதாநாயகிக்கு அக்கா, பிறகு கண் தெரியாத தாய். கடைசிக் காலத்துப் படம் ஒன்றில் கலியாண வீட்டுக் கூட்டத்தில் ஒரு மூலையில் இருக்கிறார், ஒரு வசனம்கூட இல்லை. நான் அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஏன் என்று மருமகனுக்குச் சொன்னதில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது என் அப்பா கொழும்பில் கடை வேலை. அம்மாவும் நானும் அம்மாவின் தமையன் வீட்டில், மாமாவோடு இருந்தோம். தாய் தகப்பன் இல்லாத சின்னம்மாவைத் தோளில் போட்டு வளர்த்தவர் மாமாதான். சின்னம்மாவுக்குப் பாட்டு வரும் என்று கண்டு, பாட்டு வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து வந்தவரும் மாமாதான். அந்த வாத்தியார் குடும்பம் சென்னைக்குப் போனபோது, இசைத்தட்டில் பாடிவிட்டு மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சின்னம்மாவும் கூடப் போனார். வரவில்லை. படத்தில் நடிக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று, மாமா சுவரில் தொங்கிய அவரின் படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். வந்த கடிதங்களைப் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு அந்த வீட்டில் ஒருவரும் சின்னம்மாவின் பெயரைச் சொல்வதில்லை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அவர் நடித்த படம் ஒன்று யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வந்தது. எனக்குக் காதுக்குள் குத்து, டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று அம்மா மாமாவிடம் பொய் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் பார்த்த முதல் படம் அதுதான். அது முடிகிற இடம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சின்னம்மாவைப் பாடையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். நெருப்பும் வைத்தார்கள். கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாங்கில் இருந்தபடி அம்மா முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதார்.

திரும்பி வரும்போது, "படத்துக்குப் போனதை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது, என்ன?" என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த நாள் காலை அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். மாமா முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

"மாமா, சின்னம்மா செத்துப்போனா."

"ஆரடி சொன்னது?"

படத்தைப் பற்றிச் சொல்லக்கூடாதே. "அம்மாவுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க அழுதவ. நெருப்பும் வைச்சாச்சு."

மாமா கிணற்றடிக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். அம்மா வீங்கின கண்ணோடு திரும்பிப் பார்த்தார்.

"உண்மையே தங்கச்சி?"

அம்மா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தோய்க்கிற கல்லில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். உடனே மாமா தலையில் அடித்துக்கொண்டு குழறினார். ஆண்பிள்ளை ஒருவர் அப்படி அழுததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அரை மணித்தியாலத்தில் முற்றம் நிறையச் சனம். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டு மாமி ஒரு சட்டி நிறையச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு ஒப்பாரி தொடங்கினார். சின்னம்மாவை ஆட்டக்காரி என்று வேலிக்கு மேலால் சொல்லித் திரிந்தவர் அவர்தான். அன்றைக்கு, "குனிஞ்ச தலை நிமிராத பிள்ளையெல்லோ" என்று மார்பில் அடித்தார். மாமா பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார்.

"நான் என்ன, அவளைக் கொன்றே போட்டிருப்பன்? ஒருக்கா வந்து படலையடியில நிண்டிருந்தா தூக்கிக்கொண்டெல்லோ வந்திருப்பன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

"உண்மையாத்தான் சொல்லுறியளோ அண்ணை? வந்தா உள்ள விடுவியளோ?"

"இனி ஆரடி வரப்போறாள்?"

"வருவாள் அண்ணை. அவள் சாகேல்லை. நேற்று நான் அவளின்ர படத்துக்குப் போனனான், அதிலதான் செத்தவள். இவள் விளங்காமல் சொல்லிப்போட்டாள். வரச் சொல்லி ஒரு கடிதம் போடுவமே?"

ஒப்பாரி பாதியில் நின்றது. பக்கத்து வீட்டு மாமி மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, இருக்கிறவளுக்கு அழுதா அவளுக்கு ஆயுசு கூடும்" என்று எழும்பினார். போகும்போது சோற்றுச் சட்டியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். வேலிப் படலையைத் தாண்டியதும் யாரோ சிரித்தது எங்களுக்குக் கேட்டது. மாமாவுக்கும் கேட்டது. அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். ஆணியில் மாட்டிய படத்தைக் கழற்றினார்.

"அண்ணை, இப்பதானே சொன்னியள், தூக்கிக்கொண்டு வருவன் எண்டு."

"அது செத்தவளுக்குச் சொன்னது" என்றார் மாமா.

கடிதம் போடவில்லை. எனக்கு அடி விழும் என்று பயந்துகொண்டிருந்தேன், ஒருவரும் அடிக்கவில்லை. அம்மா மட்டும் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார். நான் என் பாட்டில் யோசித்தேன். செத்துப்போனார் என்றபோது மாமா நல்லவராக இருந்தார், உயிரோடு இருக்கிறார் என்றதும் கோபக்காரராகிவிட்டார். அப்படியென்றால் இன்னொரு தரம் சொன்னால் என்ன?

நாலைந்து நாள் கழித்து, புகையிலைத் தோட்டத்தில் தனியாக நின்ற மாமாவிடம் போனேன். "மாமா, சின்னம்மா இப்ப உண்மையாவே செத்துப்போனா."

அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அம்மா எங்கேயாவது நிற்கிறாரா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு வரம்பில் குந்தி, என்னைப் பக்கத்தில் இழுத்து, மெல்லக் கேட்டார்.

"எடி பிள்ளை, அந்தப் படத்தில அவள் பாடினவளே?"

"ஓம் மாமா. நிறையப் பாட்டு."

"என்ன பாட்டு? ஒரு வரி சொல்லு பாப்பம்."

"தெரியாது மாமா. பாட்டு வரேக்க நான் நித்திரையாப் போட்டன்."

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு ஏதாவது ஞாபகம் வரும் என்பது போல. பிறகு, "சரி, போய் விளையாடு" என்று எழும்பிப் புகையிலைக்குள் போனார். இரண்டாம் தரமும் அடி விழாமல் தப்பிவிட்டேன் என்ற சந்தோசத்தில் நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மாமா ஒரு படமும் பார்க்காமலே கண்ணை மூடினார். சின்னம்மா அந்தப் படலைக்கு வரவேயில்லை.

நான் எழுதியதில் முன்பின்னாக ஏதும் இருந்தால் தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள். அந்தப் படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. கசற்றிலும் கிடைக்கவில்லை. கதாநாயகி கடைசியில் செத்துப்போகிற, சிதையில் நெருப்பு வைப்பதோடு முடிகிற பழைய படம். பழைய படங்கள் தெரிந்த ஆராவது பார்த்து, அதில் அவர் என்ன பாட்டுப் பாடினார் என்று சரியாக விசாரித்துச் சொன்னால் பெரிய உதவி. பாட்டின் முதல் அடி மட்டும் தெரிந்தாலும் போதும்.