வேட்டி மடிப்பில் எடுத்த சாம்பல் நிறம்

திருமணத்துக்கு முன் யாழ்ப்பாண நகரில் ஓர் அலுவலகத்தில் புத்தகப் பக்கங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் அதை விட்டுவிட்டேன். அவளுக்கு இரண்டு வயதானபோது நெல்லியடியில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணை ஒருவர், "வீட்டிலை இருந்தே செய்யுங்கோ தங்கச்சி. முதல்லை ஒரு கல்வெட்டுத் தாறன். சரிவந்தால் மற்றதுகளையும் உங்களிட்டையே தாறன்" என்றார். சரிவராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே பல விதமாக எண்ணிக்கொண்டேன்.

கல்வெட்டு என்பது இங்கே ஒரு சிறு நினைவுப் புத்தகம். இறந்தவரின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்பது. தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் விவரம் எல்லாம் இருக்கும். ஒரு நாள் பிந்தினாலும் வாங்க ஆளிருக்காது.

எனக்கு வந்தது உடுப்பிட்டியில் தோட்டம் செய்த ஓர் ஐயாவின் கல்வெட்டு. அட்டைக்குக் கொடுத்த படம் மகளின் கலியாணத்தில் எடுத்தது. வெள்ளை வேட்டி, சால்வை, வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் நின்ற பிளாஸ்டிக் பூச்சோடனையை வெட்டி எடுத்துவிட்டேன். கனடாவிலிருந்து மகன் கதைத்தார்.

"மேகம், குத்துவிளக்கு ஒண்டும் வேண்டாம் தங்கச்சி. அப்பாவுக்கு உந்தச் சோடனையள் பிடிக்காது. பின்னாலை சும்மா ஒரு சாம்பல் நிறம் விடுங்கோ."

சும்மா ஒரு சாம்பல் நிறம்! நிறம் தெரிவு செய்யும் பெட்டியைத் திறந்தபின்தான் அதில் எத்தனை சாம்பல் இருக்கிறது என்று தெரிந்தது. ஒன்று ஈரச் சீமெந்து போல இருந்தது. ஒன்று புறாவின் கழுத்துப் போல. இன்னொன்றை வைத்தால் ஐயாவுக்குக் காய்ச்சல் போல இருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எல்லாம் ஒண்டுதானே?"

"இல்லை, இது கொஞ்சம் சிவப்பு."

"அப்ப அது வேண்டாம்."

"ஆனா முகத்துக்கு அதுதான் வடிவாய் இருக்கு."

"அப்ப அதையே போடும்" என்றுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. மென்பொருளில் சிறு குழாய் போல ஒரு சின்னம் உண்டு. அதைப் படத்தில் எங்கே தொட்டாலும் அந்த இடத்து நிறத்தை உறிஞ்சித் தரும். வெள்ளைத் துணியில் நிழல் விழுந்தால் அது சாம்பல் நிறம்தானே? ஐயாவின் வேட்டி மடிப்பில் தொட்டேன். என் கண்ணை நம்பாத நான் வேட்டியை முழுதாக நம்பினேன். வந்த நிறம் திரையில் சாம்பலாகத்தான் தெரிந்தது. அதைப் பின்னணிக்குக் கொடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை மாதிரித் தாளைப் பார்க்கப் போனேன். அண்ணை அதை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"தங்கச்சி, ஐயா கடல் தொழிலோ?"

"இல்லை அண்ணை, தோட்டம்."

"அப்ப ஏன் கடலுக்கை நிக்கிறார்?"

தாளில் பின்னணி அப்பட்டமான நீலம். அதன் முன்னால் வேட்டி மங்கி, தோய்க்காதது போலக் கிடந்தது. "நாளைக்கு அடிக்கத் தொடங்கோணும். பின்னேரத்துக்குள்ளை சரியாக்குங்கோ. இல்லாட்டிப் பழைய ஆளிட்டைத்தான் குடுக்க வேணும், கோவியாதேங்கோ" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வீடு வரும் வரை சிரிக்கவில்லை.

வந்து எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கணினித் திரை, பச்சை யன்னல் சீலை, கடைசியில் என் கண். கண் வைத்தியரிடம் போகவேண்டுமோ என்றுகூட நினைத்தேன். அதற்குள் கணவரின் வெள்ளைச் சேட்டுகள் வாளியில் அலசக் காத்திருந்தன. அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், நாளைக்குப் போட வேறில்லை. நீலப் போத்தலைத் திறந்தேன். "நான், நான்" என்று மகள் கையைத் தட்ட, வாளியில் சொட்டுகள் விழுந்து புகை மாதிரிப் பரவின. சேட்டு பளிச்சென்று வருவதற்கு நாங்கள் எல்லோரும் செய்வதுதான்.

ஈரக் கையோடு கணினிக்கு ஓடினேன்.

வேட்டி மடிப்பை மறுபடி தொட்டு, இந்த முறை இலக்கங்களைப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே இலக்கமாக இருந்தால்தான் எந்தச் சாயலும் இல்லாத சாம்பல். படித்ததுதான். ஆனால் ஒரு வேட்டியைச் சந்தேகிக்க எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. நீலத்தின் இலக்கம் மட்டும் மற்ற இரண்டையும்விட உயர்ந்து நின்றது.

அச்சு மைகளின் பட்டியலுக்குப் போய், கறுப்பைத் தவிர மற்ற மூன்றையும் பூச்சியமாக்கினேன். கறுப்பை மட்டும் மூன்றிலொரு பங்களவுக்கு ஐதாக விட்டேன். சரியென்று இலக்கம் சொன்னது. நீலத்துக்குப் பழகிய கண்ணோ மண்ணைப் போலக் கபிலம் என்றது. எதை நம்புவது? அச்சகத்தில் புதிய மாதிரித் தாள் ஒன்றை அடித்து எடுத்து, பழையதையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, மகளை ஸ்கூட்டியில் முன்னால் ஏற்றி ஐயாவின் மனைவியிடம் போனேன்.

அம்மா இரண்டு தாளையும் முற்றத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"உதிலை அவரின்ரை வேட்டி ஊத்தையாய்க் கிடக்கு பிள்ளை." பழையதைத் தள்ளி வைத்தார். புதியதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இஞ்சை பார், நான் போட்ட நீலம் தெரியுது! கலியாணத்தண்டைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு. நீல வேட்டி கட்டிவிட்டாய் எண்டு அண்டு முழுக்க என்னைப் பேசிக்கொண்டு திரிஞ்ச மனுசன்."

இப்போது எனக்கு வேறு பயம் பிடித்தது. "வேட்டியிலையும் நீலத்தைக் குறைக்கட்டே அம்மா?"

"விசர்க் கதை கதையாதை. பேசினவர் பேசினபடியே வரட்டும். இதையே அடிக்கச் சொல்லு."

அப்படியே அடித்தார்கள். முப்பத்தோராம் நாள் நானும் சாப்பிடப் போயிருந்தேன். கைகழுவி வந்தவர்களெல்லாம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பின்னணியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் ஐயாவின் சிரிப்பைப் பற்றித்தான் கதைத்தார்கள். எனக்கு இரண்டாம் முறை பாயசம் இறங்கியது.

அடுத்த வாரம் அச்சக அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, ஒரு சாமத்தியவீட்டு அழைப்பிதழ் வந்திருக்கு, பெட்டை பெரியபிள்ளையானதுக்கு. சும்மா ஒரு ரோஸ் நிறம் போடட்டாம்."

"ஓம் அண்ணை, செய்யிறன்" என்று அவர் முடிக்குமுன்னே சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு திரும்ப எடுத்தேன்.

"அண்ணை, எந்த ரோஸ் எண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லுவியளோ?"